வாய்ப்பை விற்றல் அறமாகுமா?

ஐக்கிய அமெரிக்காவில் பேஸ்போல் ஆடும் உயர்நிலைப் பாடசாலை மாணவரிடம் கட்டணம் பெற்று, அவர்தம் ஆற்றலைப் பல்கலைக்கழகப் பயிற்றுநர்க்குக் காட்டும் முகாம்கள் பல நடைபெறுகின்றன. 60 யார் ஓட்டமும் பந்தெறியும் வேகமும் ஆங்கு அளவிடப்படுகின்றன. இவற்றால் மாணவர் தெரிவுபெறுவரா என்பது இலாபநட்டக் கணக்கு மட்டுமன்று, அறவினாவுமாகும்.

முகாம் ஆற்றலைக் காட்டவல்லது, ஆக்கவல்லதன்று. மணிக்கு 90 மைல் வேகத்தில் எறியும் சிற்றூர் மாணவனை அது வெளிக்கொணரலாம். அந்நிலையை எட்டாதவனுக்கோ கருவி குறையையே பதிவுசெய்யும். பயிற்றுநரும் பெரும்பாலும் முன்னரே குறித்துவைத்தோரைக் காணவே வருவர். வாய்ப்பும் அரிது: 2024-25 கல்வியாண்டு வரை முதற்பிரிவு அணியொன்றுக்கு 11.7 புலமைப்பரிசில்களே உச்சவரம்பு. அவையும் பலர்க்குப் பங்கிடப்பட்டன. அதன்பின், புதிய ஒழுங்கை ஏற்ற பல்கலைக்கழகங்களில் அணிக்கு 34 பேர் என்பதே வரம்பாயிற்று.

அளவிடும் உழைப்புக்கு ஊதியம் பெறுதல் தவறன்று. ஆயின் கட்டணம் எல்லார்க்கும் உரியது. பயனோ சிலர்க்கே உரியது. இதனை அறிந்தும் கூறாது அழைப்போர், பலரின் நம்பிக்கையைத் தம் வாணிபத்துக்கு முதலாக்குகின்றனர். கட்டணம் செலுத்த இயலாதவனின் ஆற்றல் காணப்படாதொழியின், தெரிவாவது திறன் மட்டுமன்று, செல்வமுமாகும். பணம் பெறுமுன், “நீ இன்னும் ஆயத்தமாகவில்லை” என மாணவனிடம் உரைக்கும் நேர்மை உள்ளவிடத்தே அது சேவை. இல்லாவிடத்து வெறும் ஆசை வாணிபமே.