அட்டையில் ஏறாத ஐவர்

சிகரெட்டுப் பெட்டிக்குள் வீரத்தை வைத்து விற்ற காலம் ஒன்று இருந்தது. முதல் உலகப் போரில் பிரான்சிலும் பெல்ஜியத்திலும் பிணங்கள் குவிந்துகொண்டிருந்த நாட்களிலேயே, கல்லாகர் என்னும் புகையிலை நிறுவனம், விக்டோரியா கிராஸ் பதக்கம் பெற்றோரின் படங்களைச் சிற்றட்டைகளாக அச்சிட்டுப் பெட்டிதோறும் செருகியது. தொகுதிக்கு 25 அட்டைகள்; தொகுதிகள் 8. பன்னிரண்டாம் எண் கிடைத்தது, பதின்மூன்றாம் எண் கிடைக்கவில்லையே என்று ஏங்கும் சிறுவனுக்கு, தந்தை இன்னுமொரு பெட்டி புகைத்தால்தான் அடுத்த வீரன் வருவான்! என்னே வாணிபத்தின் திறம்!

படத்திலிருந்தோர் வீரர் அல்லர் என்று நாம் கூறவில்லை. அவர்கள் அஞ்சாது நின்றவர்கள்தாம். நாம் கேட்பது வேறு. ஓர் அட்டையில் ஒரு முகத்திற்குத்தானே இடமுண்டு? 1914 அக்டோபர் 31 அன்று, பெல்ஜியத்தில், குண்டடிபட்ட பின்னும் இயந்திரத் துப்பாக்கியை விடாது இயக்கினார் சிப்பாய் குதாதாத் கான். அப்பதக்கத்தைப் பெற்ற முதல் இந்தியர் அவர். அதே துப்பாக்கியைச் சூழ்ந்து நின்ற ஐவர் அங்கேயே மாண்டனர். அரசின் பாராட்டுரை அவர்களை 'மற்ற ஐவர்' என்று எண்ணிவிட்டு நகர்ந்துவிடுகிறது. அவர் பிழைத்தார், அவர்கள் பிழைக்கவில்லை. வீரத்தில் அவர்கள் எதில் குறைந்தனர்? அன்றியும், அறுவரும் நின்றது தம் நாட்டையே அடிமைப்படுத்திய பேரரசுக்காக அன்றோ!

இஃது அயல்நாட்டார் வழக்கம் மட்டுமன்று. பெரம்பலூருக்கு வடக்கே ரஞ்சன்குடிக் கோட்டையில், 1751இல் சந்தா சாகிபுக்காகப் பிரெஞ்சுக்காரரும் முகமது அலிக்காக ஆங்கிலேயரும் பொருதனர். நவாபுகளின் பெயர் நமக்குப் பாடம். இருபுறமும் மாண்ட சிப்பாய்களின் பெயரோ எவருக்கும் பாடமில்லை. அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்தில், கடற்படையெடுப்பின் ஆயிரமாவது ஆண்டைக் கொண்டாடிய விழாவில், 2025 ஜூலையில் இராசேந்திரன் நினைவு நாணயம் வெளியாயிற்று. சேகரிப்போர் பேழையில் அது பளபளக்கட்டும், தடையில்லை. ஆனால் கலத்தில் பாய் விரித்தவன் யார்? கரை மீளாதவன் யார்? கடாரத்தில் தன் ஊரைக் காக்க நின்று வீழ்ந்தவன் மட்டும் கோழையா?

பண்டைத் தமிழர் நடுகல் நட்டனர். ஆநிரை மீட்கச் சென்று மடிந்தவன் மன்னனல்லன், ஊரான். அவன் பெயரையும் அவன் வீழ்ந்த காரணத்தையும் ஊரார் கல்லில் பொறித்தனர். அந்தக் கல்லைத் தொகுதியாக்கி விற்க எவரும் எண்ணவில்லை.

வெள்ளையர் ஆட்சியும் கல் நட்டது. 1914 முதல் 1919 வரை நடந்த போருக்கு இவ்வூரிலிருந்து இத்தனை பேர் சென்றனர், இத்தனை பேர் உயிர் நீத்தனர் என்று கூறும் பலகைக் கற்களைத் தமிழகத்தின் பல ஊர்களில் இன்றும் காணலாம். அவற்றில் எண் இருக்கிறது. பெயர் இல்லை.