யார் கணக்கில் நம்பிக்கை?

கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது, பத்திரிகையும் அடித்தாகிவிட்டது. மின் இணைப்பு மட்டும் வரவில்லை. வயரிங் முடிந்து சோதித்துப் பார்த்ததற்கான சான்று, லைசென்ஸ் உள்ள மின் ஒப்பந்ததாரரின் கையெழுத்தோடு வேண்டும் என்கிறது மின்வாரியம். வயரிங் செய்த எலெக்ட்ரீஷியனிடம் லைசென்ஸ் இல்லை. “தெரிஞ்சவர் ஒருத்தர் இருக்கார் சார், கையெழுத்துக்கு இவ்வளவுன்னு வாங்கிப்பார்” என்கிறார் அவர். மறுநாள் மாலையே சான்று வந்துவிடுகிறது. கையெழுத்துப் போட்டவர் அந்தத் தெருப்பக்கமே வந்ததில்லை. எர்த் கம்பி உண்மையிலேயே மண்ணுக்குள் இறங்கியிருக்கிறதா என்பது அவருக்குத் தெரியாது. இணைப்பு கிடைக்கிறது, குறித்த நாளில் பால் காய்ச்சுகிறார்கள்.

இதில் யார் என்ன தவறு செய்தார்கள் என்று கேட்டால், வீடு கட்டிய பலர் சற்றுத் திகைப்பார்கள். எலெக்ட்ரீஷியன் வேலை தெரிந்தவர், வீட்டுக்காரர் கேட்ட பணத்தைக் கொடுத்தவர், யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. அப்படியிருக்க, வேலைக்கு ஆள் வைக்கும் முன் லைசென்ஸையும் அனுமதியையும் பார்ப்பது அறக்கடமையா, வெறும் முன்ஜாக்கிரதைதானா?

பார்க்கக் கூடாது என்பவர்களின் வாதம் லேசானதல்ல. தமிழ்நாட்டில் வீடுகள் எழும்புவது வாய்மொழியில். மச்சான் வீட்டைக் கட்டிய மேஸ்திரி, அவர் கூட்டிவரும் கொத்தனார், சித்தாள், சென்ட்ரிங் ஆட்கள் என்று ஒரு சங்கிலி. சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி, வெற்றிலையில் அட்வான்ஸ் வைத்துக் கொடுத்தால் ஒப்பந்தம் முடிந்தது. முப்பது வருடம் கரண்டி பிடித்த மேஸ்திரிக்குக் கொத்து வேலைக்கென்று எந்த உரிமமும் கிடையாது. வரைபடத்தில் கையெழுத்திடும் பொறியாளர்தான் பதிவு பெற்றவர். அந்தக் கைத்தொழிலைத் தகப்பனிடமோ மாமனிடமோ கற்றவரிடம் “காகிதம் இருக்கா?” என்று கேட்பது, படிக்க வசதி கிடைக்காதவரைப் படிப்பின் பெயரால் வாசலில் நிறுத்துவதாகத்தான் முடியும். காகிதம் வைத்திருப்பவர் வாங்கும் கூடுதல் கூலியில் பாதி அந்தக் காகிதத்துக்கே போகிறது என்ற முணுமுணுப்பிலும் உண்மை உண்டு.

காகிதம் மட்டுமே உயிரைக் காப்பாற்றியதாகவும் வரலாறு இல்லை. 2014 ஜூன் 28 அன்று சென்னை போரூரை அடுத்த மௌலிவாக்கத்தில், கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் மழையில் சரிந்து 61 பேர் இறந்தார்கள். அது திட்ட அனுமதி பெற்ற கட்டடம்தான். பக்கத்தில் நின்ற அதன் ஜோடிக் கட்டடத்தை 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அனுமதி வாங்கியவர்களும் இருந்தார்கள், கொடுத்தவர்களும் இருந்தார்கள். அனுமதித்தது எப்படிக் கட்டப்படுகிறது என்று பார்க்க வேண்டிய கண்கள்தான் இல்லாமல் போயின.

ஆனால் மௌலிவாக்கம் இன்னொன்றையும் காட்டுகிறது. இறந்தவர்களில் பெரும்பாலோர் அங்கே வீடு வாங்கியவர்கள் அல்லர், கட்ட வந்தவர்கள். ஆந்திராவிலிருந்து பிழைப்புக்கு வந்த குடும்பங்கள் அவர்களில் பல. அடித்தளம் சரியா என்று கேட்கும் இடத்தில் அவர்கள் யாரும் இல்லை. யாரோ யாரையோ நம்பினார்கள். அந்த நம்பிக்கை பொய்த்தபோது விலை கொடுத்தவர்கள் இவர்கள்.

கேள்வியை இங்கிருந்து பார்த்தால் அது கொஞ்சம் தெளிகிறது. நம்பிக்கை நல்ல குணம்தான். ஆனால் அது பொய்த்தால் நட்டம் யார் கணக்கில் விழும் என்பதைப் பொறுத்தே அதை வைக்கும் உரிமை அமைகிறது. டைல்ஸ் ஒட்டுபவர், பெயின்ட் அடிப்பவர், பூச்சு வேலை செய்பவர் ஆகியோரை முகம் பார்த்தே வேலைக்கு வைக்கலாம். டைல்ஸ் கோணலானால் தினமும் அதைப் பார்த்து எரிச்சல்படப் போகிறவர் வீட்டுக்காரர் மட்டுமே. தளமும் வயரிங்கும் செப்டிக் டேங்க்கும் அப்படியல்ல. தளத்தின் கீழே நிற்பவர் சித்தாள். எர்த் இல்லாத வயரிங்கில் ஈரக் கையை வைக்கப் போகிறவர், பத்து வருடம் கழித்து மாடிக்குக் குடிவரும் வாடகைக்காரராக இருக்கலாம். அவர்கள் சார்பில் நம்பிக்கை வைக்க வீட்டுக்காரருக்கு யாரும் அதிகாரம் கொடுக்கவில்லை. காகிதம் கேட்பது அந்த இடத்தில் மேஸ்திரி மீதான சந்தேகம் ஆகாது. பேச்சில் இல்லாத மூன்றாம் ஆளுக்காகக் கேட்கப்படும் கேள்வி அது.

செப்டிக் டேங்க் விஷயத்தில் சட்டமே இதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் ஒரு மனிதரைக் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தொட்டி தனியார் வீட்டுக் கொல்லையில் இருக்கிறது என்பதால் குற்றம் இல்லையென்று ஆகிவிடாது. கழிவுநீர் லாரிக்கு உரிமம் இருக்கிறதா, ஆட்களிடம் சாதனம் இருக்கிறதா என்று பார்க்காமல் “சீக்கிரம் முடிங்க, நாத்தம் தாங்கல” என்று சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்துகிறவர், சாக்கடை மரணங்களுக்கு இழப்பீட்டை 2023இல் உச்ச நீதிமன்றம் 30 லட்சமாக ஏன் உயர்த்தியது என்று ஒரு நிமிடம் யோசிப்பது நல்லது.

அடுத்து, அனுமதி. லைசென்ஸ் வேலை செய்பவருடையது. கட்டட அனுமதியோ வீட்டுக்காரருடையது. மேஸ்திரியிடம் காகிதம் கேட்கும் பலர், கீழ்த்தளமும் முதல் தளமும் என்று வாங்கிய அனுமதியில் இரண்டாம் தளத்துக்குக் கம்பியை நீட்டி விடச் சொல்பவர்கள். 2024 முதல், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரையிலான வீட்டுக்குச் சுயசான்று முறையிலேயே உடனடி அனுமதி கிடைக்கிறது. அதாவது அரசு வீட்டுக்காரரின் சொல்லை நம்புகிறது. விதிக்கு உட்பட்டே கட்டுவேன் என்று இணையத்தில் சான்றளித்துவிட்டு, பக்கத்து வீட்டு ஜன்னலை மறைக்கும் சுவரை எழுப்புகிறவர், லைசென்ஸ் இல்லாத எலெக்ட்ரீஷியனைவிட எந்த வகையில் நேர்மையானவர்?

அவசரமும் பெரும்பாலும் வீட்டுக்காரருடையதே. தாங்கிகளுக்கு இடையே 4.5 மீட்டர் வரை தூரமுள்ள தளத்துக்குக் குறைந்தது 7 நாளும், அதற்கு மேற்பட்டதற்கு 14 நாளும் முட்டு நிற்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். வாடகைக்கு எடுத்த முட்டுக்கும் பலகைக்கும் நாள் கணக்கில் பணம் ஏறுகிறது. “அடுத்த சைட்டுக்கு வேணும், பிரிச்சிடலாமா?” என்று சென்ட்ரிங் ஆள் கேட்கும்போது, தேதியைப் பார்த்து வேண்டாம் என்று சொல்ல எந்த லைசென்ஸும் தேவையில்லை.

ஆகவே காகிதம் இல்லாத கைத்தொழிலாளியை ஒதுக்குவது விடையாகாது. அவரை வைத்துக்கொண்டே, கம்பி கட்டிய பிறகும் கான்கிரீட் போடும் முன்பும் பதிவு பெற்ற பொறியாளர் ஒருவரை வரவழைத்துக் காட்டலாம். அனுபவத்தில் தொழில் கற்ற எலெக்ட்ரீஷியனுக்கு மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு என்ற வழி இருப்பதைச் சொல்லலாம். கட்டுமானத் தொழிலாளர் நலவாரிய அட்டை இருக்கிறதா என்று சித்தாளிடமும் கேட்கலாம். வீட்டுக்காரரின் நன்மைக்கு அந்த அட்டை ஒன்றும் செய்யாது; அதனாலேயே அதை யாரும் கேட்பதில்லை.

சான்றில் கையெழுத்துப் போடுகிறவரையும் வீட்டுக்கு வரச் சொல்ல வேண்டும். எலெக்ட்ரீஷியனைப் பக்கத்தில் நிற்கவைத்து, போர்டைத் திறந்து, எர்த்தைச் சோதித்த பிறகு அவர் பேனாவை எடுக்கட்டும். அவர் ஏதாவது குறை சொல்லக்கூடும். ஒரு அறையின் வயரைப் பிடுங்கி மாற்ற வேண்டியிருக்கும். கிரகப்பிரவேசம் பத்து நாள் தள்ளிப் போகும். பத்திரிகையை மறுபடி அடிக்க வேண்டிவரும். அந்தச் செலவு முழுக்க வீட்டுக்காரர் கணக்கிலேயே விழும்.