அருவருப்பும் அறமும்

நம் உள்ளம் வெறுத்து ஒதுக்கும் ஒன்று, வெறுக்கப்பட்ட காரணத்தாலேயே தீயதாகிவிடுமா? இவ்வினாவிற்குப் போர்க்கள மருத்துவ வரலாறு தரும் விடை ஆழ்ந்து எண்ணத்தக்கது.

1917ஆம் ஆண்டு, முதல் உலகப் போரின்போது, பிரான்சு நாட்டில் பணியாற்றிய அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் பேயரிடம் இரு வீரர்கள் கொண்டுவரப்பட்டனர். தொடையெலும்பு முறிந்து, வயிற்றிலும் பெரும்புண் பட்டு, ஏழு நாள் உணவும் நீருமின்றிக் களத்திற் கிடந்தவர்கள் அவர்கள். அத்தகைய தொடைமுறிவுற்றோருள் நூற்றுக்கு 75 பேர், சிறந்த மருத்துவம் பெற்றும் மாண்ட காலம் அது. இவ்விருவர்க்கோ காய்ச்சலே இல்லை. ஆடையை அகற்றியபொழுது புண்களில் ஆயிரக்கணக்கான புழுக்கள் நெளிந்தன. பேயர் அருவருப்புற்று அவற்றை விரைந்து கழுவினார். சீழ் நிறைந்திருக்கும் என எண்ணிய இடத்தில், இளஞ்சிவப்பான புதுத்தசை வளர்ந்திருக்கக் கண்டு வியந்தார்.

நெப்போலியனின் படைமருத்துவர் லாரேயும் சிரியப் படையெடுப்பின்போது இத்தகைய காட்சியைக் கண்டு எழுதிவைத்தவரே. சிலவகை ஈக்களின் புழுக்கள் செரிப்புநீரைச் சுரந்து, இறந்த தசையைக் கரைத்து உண்கின்றன, உயிருள்ள தசையை விட்டுவிடுகின்றன, நோய்க்கிருமிகளையும் குறைக்கின்றன.

அப்படியாயின் அருவருப்பு முற்றிலும் பிழையோ? அன்று. உயிர்த்தசையைத் தின்னும் புழுக்களும் உலகில் உண்டு. 1928இல் பால்டிமோர் நகரில், எலும்பில் சீழ்பிடித்த நோயாளிகளுக்குப் பேயர் இம்முறையைக் கையாண்டபொழுது, அவருள் சிலரை இசிவுநோய் பற்றியது. அதன் பின்னரே கிருமி நீக்கிய புழுக்களை வளர்க்கும் வழியை அவர் கண்டார். எனவே அருவருப்பு ஓர் எச்சரிக்கை. அதனைத் தீர்ப்பாகக் கொள்வதே தவறு.

பேயர் புழுக்களைக் கழுவியது குற்றமாகாது. கழுவியபின் கண்டதைப் பத்தாண்டுகளுக்கு மேலாக மறவாதிருந்ததே அவர்தம் பெருமை. வெறுப்பு அவருடையது, உயிரோ நோயாளியுடையது. இவ்விரண்டையும் ஒரே துலாக்கோலில் வைத்து, உயிரே கனமானது எனக் கண்டார்.

1940களில் பெனிசிலின் பரவியதும் இம்மருத்துவம் மங்கியது. மருந்துகளுக்கு அடங்காத கிருமிகள் பெருகிய பின்னர், 2004இல் அமெரிக்க அரசு இதற்கு ஏற்பளித்தது.

மாணவர்களே! கண் சுளிக்கும் வேளையிலும் கண்ணை மூடாதிருத்தல் அறிவு. பிறர் துயர் தீருமெனில் தம் வெறுப்பை அடக்கிக்கொள்ளுதல் அறம். இரண்டும் ஒருங்கே வாய்த்தவனே நல்ல மருத்துவன். நல்ல மனிதனும் அவனே.