இரண்டாவது வண்டியும் இல்லறத்தார் விரதமும்

இல்லறத்தார்க்கு நம் ஆசாரியர்கள் வகுத்தளித்த ஐந்து அணுவிரதங்களுள் இறுதியாக நிற்பது மிகுபொருள் விரும்பாமை. கொலை, பொய், களவு, பிறனில் விழைதல் ஆகிய நான்கும் தீயவை என்பதை எல்லாச் சமயத்தாரும் ஒப்புவர். அரசின் சட்டமும் அவற்றுள் சிலவற்றைத் தண்டிக்கும். நேர்மையாக ஈட்டிய பணத்தைக் கொண்டு ஒருவர் விரும்பிய பொருளை வாங்கினால் உலகம் அவரைக் குறை கூறுவதில்லை. கை குலுக்கிப் பாராட்டுகின்றது. ஐந்தாம் விரதத்தைக் காத்தல் அரிதாவதற்கு இதுவே காரணம். இதனை மீறும்போது நம்மைத் தடுப்பார் ஒருவரும் இலர்.

திருவண்ணாமலையில் வாழும் நம் இனத்து இளைஞர் ஒருவர் அண்மையில் எழுப்பிய வினாவை இங்கு ஆராய விரும்புகின்றேன். அவரிடம் நூறு சி.சி. அளவிலான மோட்டார் சைக்கிள் ஒன்று இருக்கின்றது. பணிக்குச் செல்லவும், கிராமத்து நிலத்தைப் பார்த்து வரவும் அது போதுமானதாக உள்ளது. இப்போது இரண்டாவதாக, பழைய பாணியில் வடிவமைக்கப்பட்ட ‘பெனெல்லி இம்பீரியாலே 400’ என்னும் இத்தாலியப் பெயர் கொண்ட வண்டியை வாங்கலாமா என்று எண்ணுகின்றார். பணம் அவர் உழைப்பில் வந்தது, கடன் இல்லை, தானமும் செய்கின்றார். “நான் விரதத்தை மீறுகின்றேனா?” என்பது அவர் வினா. வீட்டுமனை, கைபேசி, பட்டுப் புடவை என்று பெயர் மாறினாலும், இவ்வினா இன்று நம் இல்லங்கள் பலவற்றில் எழுவதே. ஆதலின் இதனைப் பொதுவில் வைத்து எண்ணுதல் தகும்.

முதலில் பொருளை அறிவோம். இத்தாலியின் கிழக்குக் கடற்கரையில் உள்ள பெசாரோ நகரில், 1911ஆம் ஆண்டு, தெரேசா பெனெல்லி என்னும் கைம்பெண் தம் புதல்வர் அறுவர்க்கும் பிழைப்பு வேண்டிக் குடும்பப் பணத்தை முதலிட்டு ஒரு பழுது பார்க்கும் பட்டறையைத் தொடங்கினார். பெனெல்லி நிறுவனத்தின் தோற்றம் அதுவே. ஒரு தாயின் பொறுப்புணர்ச்சியில் பிறந்த அத்தொழில் பின்னர்ப் பல கைகள் மாறி, 2005இல் சீனாவின் சியான்ஜியாங் நிறுவனத்தின் வசமாயிற்று. ‘இம்பீரியாலே’ என்பதும் 1950களில் இத்தாலியில் ஓடிய ஒரு வண்டியின் பெயரே. அப்பெயரைத் தாங்கிய இப்புதிய வண்டி 2019 அக்டோபரில் இந்தியாவில் அறிமுகமாயிற்று. அப்போது காட்சியக விலை 1,69,000 ரூபாய். 374 சி.சி. கொண்ட ஒற்றை உருளை இயந்திரம். ஏறத்தாழ 21 குதிரைத் திறன். எடை 205 கிலோ. வட்ட விளக்கும், கம்பிச் சக்கரமும், நீர்த்துளி வடிவப் பெட்ரோல் தொட்டியும் பழமையை நினைவூட்டும். உள்ளிருப்பதோ மின்னணு முறையில் எரிபொருள் செலுத்தும் புதிய அமைப்பு.

பொருள்களை அறிவதற்கு நாமம், ஸ்தாபனை, திரவியம், பாவம் என்னும் நான்கு நிக்ஷேபங்களைத் தத்துவார்த்த சூத்திரம் கூறுவதை நாம் அறிவோம். ஏழைச் சிறுவனுக்கு இந்திரன் என்று பெயரிடுதல் நாம நிக்ஷேபம். இவ்வண்டி இத்தாலியது என்பது பெயரளவில் பொருந்தும். பழமையானது என்பது ஸ்தாபனை அளவில் பொருந்தும். அதாவது பழைய உருவம் புதிய பொருளின்மேல் ஏற்றி வைக்கப்பட்டுள்ளது. பாவ அளவில், இன்று உள்ளவாறு நோக்கினால், இது சீன நிறுவனம் ஒன்றின் உடைமையாகிய பெயரில் வந்த ஒரு புதிய இயந்திரம். 2019இல் இதனை இந்தியாவில் கொணர்ந்த ஐதராபாத் நிறுவனத்தின் பெயரில் ‘ஆதீஸ்வர்’ என்னும் சொல் இருப்பதைக் கண்டு நம்மவர் புன்னகை செய்யலாம். ஆதி பகவனின் திருநாமம் ஒரு விற்பனைக் கூடத்தின் பெயர்ப் பலகையில் இருத்தலும் நாம நிக்ஷேபமே.

இவ்வாறு கூறியதனால் உருவத்தின் ஆற்றலை நாம் இகழ்ந்தோம் என்பது பொருளன்று. போளூரை அடுத்த திருமலையில் பாறையில் எழுந்தருளியுள்ள நேமிநாதரின் நெடிய திருவுருவின் முன் நிற்பவர் எவரும் ஸ்தாபனையின் ஆற்றலை மறுக்க மாட்டார். அழகும் பாவம் அன்று. அவ்வுருவம் நோக்குவோரின் உள்ளத்தை எத்திசையில் செலுத்துகின்றது என்பதே கேட்கத்தக்கது. நேமிநாதரின் உருவம் பற்று அற்றவரை நினைப்பிக்கின்றது. பளபளக்கும் தொட்டியோ, அதில் தெரியும் தன் முகத்தையே ஒருவனுக்கு நினைப்பிக்கின்றது.

இனி, நூல்கள் கூறுவதைக் காண்போம். புறப் பரிக்கிரகம் பத்து என்று எண்ணும் பழைய பட்டியலில் நிலம், மனை, தானியம், கால்நடை முதலியவற்றோடு யானம், அதாவது ஊர்தி, தனியாகவே எண்ணப்பட்டுள்ளது. சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் பொருள் வரைதல் விரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகின்றார். அவற்றுள் முதலாவது ‘அதிவாகனம்’. இதற்கு உரையாளர்கள் இருவகையாகப் பொருள் கொள்வர். எருது முதலியவற்றை அவை எளிதில் செல்லக்கூடிய அளவுக்கு மேல் ஓட்டுதல் என்பது ஒன்று. தேவைக்கு மேற்பட்ட ஊர்திகளை வைத்துக்கொள்ளுதல் என்பது மற்றொன்று. இரண்டாவது உரையைக் கொண்டால் நம் இளைஞரின் வினாவுக்கு நேர் விடையே கிடைத்துவிட்டது போலத் தோன்றும். ஆயினும் ‘தேவை’ எது என்று முடிவு செய்யாத வரையில் அவ்விடை நிறைவு பெறாது.

இங்கே எழக்கூடிய தடை ஒன்றை மறைக்காது கூற வேண்டும். வந்தவாசி, ஆரணி, போளூர்ப் பகுதிகளில் உழுதுண்டு வாழ்ந்த நம் முன்னோரும், வசதி பெற்றவராயின், இரண்டு வண்டிகள் வைத்திருந்தனர். எருவும் நெல்லும் ஏற்றக் கட்டை வண்டி. திருமணத்திற்கும் கோயிலுக்கும் செல்ல வில் வண்டி. அவர்களை விரதம் மீறியவர் என்போமா? இரண்டு என்னும் எண்ணிலேயே குற்றம் இருப்பின், உடுத்த ஒன்றும் துவைக்க ஒன்றுமாக இரண்டு புடவை வைத்திருப்பவளும் குற்றவாளி ஆவாள். அது பொருந்தாது.

வேறுபாடு இதில்தான் உள்ளது. வில் வண்டியின் வேலையைக் கட்டை வண்டி செய்யாது. முதியோரும் கருவுற்ற பெண்டிரும் எரு வண்டியில் நெடுந்தொலைவு செல்ல இயலாது. மேலும், அவ்வண்டியைப் பூட்டிய காளைகள் தினமும் வைக்கோலும் தவிடும் வேண்டி நின்றன. மிகையாக வைத்துக்கொண்டவனுக்கு அம்மிகை நாள்தோறும் நினைவூட்டப்பட்டது. இயந்திரம் தீனி கேட்பதில்லை; துணி போர்த்தி மூலையில் நிறுத்திவிடலாம். ஆகவே மிகையை உணர்த்தும் குரல் இன்று வெளியிலிருந்து வருவதில்லை. அதனை நாமே நமக்கு எழுப்பிக்கொள்ள வேண்டியதாயிற்று.

இரண்டாவது பொருள் முதற் பொருளால் இயலாத ஒரு வேலையைச் செய்கின்றதா, அல்லது முதற் பொருளை நம் கண்ணில் தாழ்த்துகின்றதா? இதுவே நான் கூறும் முதல் உரைகல். தினமும் சுமந்து செல்லும் சிறிய வண்டியை, புதிய வண்டியின் படத்தைப் பார்த்த நாள் முதல் ஒருவர் அலட்சியமாக நோக்கத் தொடங்கினால், பரிக்கிரகம் வாங்குவதற்கு முன்பே நிகழ்ந்துவிட்டது.

உமாசுவாமி ஆசாரியர் பரிக்கிரகத்தின் இலக்கணத்தைப் பொருளில் வைக்காமல் மூர்ச்சையில் வைத்தார். மூர்ச்சை என்பதை நாம் அன்றாட வழக்கில் நினைவிழந்து மயங்கி வீழ்தல் என்று கூறுகின்றோம். பற்றுக்கு அச்சொல் மிகப் பொருத்தமானது. வண்டியில் ஒரு கீறல் விழுந்தால் சோகம்; தெருவில் நிறுத்தினால் பயம்; அண்டை வீட்டார் நின்று பார்த்தால் மானம்; அதனினும் சிறந்ததொன்று எதிரே வந்தால் அரதி. அகப் பரிக்கிரகம் பதினான்கு என்று நாம் பாராயணம் செய்கின்றோமே, அவற்றுள் பல ஒரே பொருளைப் பற்றிக்கொண்டு இல்லத்தினுள் நுழைவதைக் காண்க. சமந்தபத்திரர் அதே ஐந்து அதிசாரங்களில் பிறர் செல்வத்தைக் கண்டு வியத்தலையும் ஒன்றாக வைத்தது எண்ணி மகிழத்தக்கது. வாங்கியவன் மட்டுமல்லன், வாயிலில் நின்று வியப்பவனும் அவ்விரதத்திற்கு ஊறு செய்கின்றான்.

இரண்டாவது உரைகல் பயன் பற்றியது. “ஞாயிறுதோறும் மகிழ்ச்சிக்காகச் சற்றுத் தொலைவு சென்று வருவேன்” என்று அவ்விளைஞர் கூறுகின்றார். பயனின்றித் திரிதலையும் பிறரைத் திரியச் செய்தலையும் அனர்த்ததண்டத்துள் ஒன்றாகிய பிரமாதசரியை என்று ஆசாரியர் கூறியுள்ளார். பொன்னூர் மலையில் குந்தகுந்தரின் திருவடியை வணங்கச் செல்வதும், மேல்சித்தாமூருக்குச் செல்வதும் திரிதல் ஆகா. அவற்றிற்குச் சிறிய வண்டியே போதும். மழைக்காலத்து மாலையில் திருவண்ணாமலையைச் சுற்றியுள்ள கிராமச் சாலைகளில் செல்பவர்கள், விளக்கொளியை நாடி வரும் ஈசல்கள் முகத்திலும் மேலாடையிலும் மோதி மடிவதை அறிவர். நம் துறவியர் அக்காலத்தில் ஓரிடத்தில் தங்குவதும், மற்ற நாள்களில் நான்கு முழத் தொலைவு நிலத்தை நோக்கி நடப்பதும் இவ்வுயிர்களைக் கருதியே. இல்லறத்தார் வண்டி ஓட்டாதிருத்தல் இயலாது. ஆயினும் தேவையால் நேரும் உயிர்க்கேட்டிற்கும் பொழுதுபோக்கால் நேரும் உயிர்க்கேட்டிற்கும் வேறுபாடு உண்டு. சிறிய வண்டியைப் போல ஏறத்தாழ இரு மடங்கு எடையும் இரு மடங்கு பெட்ரோலும் அவ்வேறுபாட்டை மேலும் கூட்டுகின்றன.

மூன்றாவது உரைகல்லைப் பெண்கள் சார்பில் கூறுகின்றேன். எண்ணிக்கையை ஒருவருக்கென்று எண்ணாமல் இல்லத்திற்கென்று எண்ண வேண்டும். மகனுக்கு இரண்டாவது வண்டி வாங்கும் முன், தாயும் மனைவியும் தங்கையும் எவ்வாறு செல்கின்றனர் என்பதைக் காண வேண்டும். அவர்கள் பேருந்து நிறுத்தத்தில் வெயிலில் நிற்க, வீட்டு முற்றத்தில் ஒரு வண்டி துணி போர்த்தி நிற்குமாயின், அதற்கு நூற்சான்று தேடவும் வேண்டா. அதே பணத்தில் வாங்கும் எளிய ஸ்கூட்டர் அவ்வில்லத்தில் இரண்டாவதாயினும் மிகையாகாது.

ஆயின் விடை என்ன? வாங்காதே என்று ஆணையிடுதல் என் கருத்தன்று. பிறர் இட்ட ஆணை விரதம் ஆவதில்லை. சமந்தபத்திரர் இவ்விரதத்திற்கு இச்சா பரிமாணம் என்னும் மறுபெயரும் தந்துள்ளார். அளக்கப்பட வேண்டியது இச்சை. அதனை அளக்க உகந்த காலம் இச்சை எழுவதற்கு முன்பே. கடைக்குச் சென்ற பின் வரையறை செய்பவன், வாங்கிய பொருளின் அளவுக்கே வரையறையைத் தைத்துக்கொள்வான். நம் இல்லங்களில் தசலக்ஷண விழாவின் ஒன்பதாம் நாளாகிய உத்தம ஆகிஞ்சன்ய நாளன்று, குடும்பத்தார் அனைவரும் அமர்ந்து, மனை இத்தனை, நகை இத்தனை, வண்டி இத்தனை என்று ஒரு தாளில் எழுதி வைப்பது நலம். இயலாத எண்ணை எழுத வேண்டா. காக்கக்கூடிய எண்ணை எழுதினால் போதும்.

இச்சை முன்பே எழுந்துவிட்டவர்க்கும் வழி உண்டு. வாழ்நாள் முழுமைக்கும் கொள்ளும் யமத்தோடு, காலம் குறித்துக் கொள்ளும் நியமத்தையும் ஆசாரியர் அளித்துள்ளார். ஒரு நாள், ஒரு பக்ஷம், ஒரு மாதம், ஓர் அயனம் என்று அதற்கு எல்லை கூறியுள்ளார். அவ்வாறு வரையறுக்கத் தக்கவற்றுள் உணவுக்கு அடுத்து ஊர்தியையே வைத்துள்ளார். நம் இளைஞர் ஓர் அயனம், அதாவது ஆறு திங்கள், அவ்வண்டியைப் பற்றி விசாரிப்பதில்லை, சென்று பார்ப்பதில்லை என்று நியமம் கொள்ளட்டும். ஆறு திங்களில் அவ்விருப்பம் உதிர்ந்துவிடின் பொருட்செலவின்றி ஒரு கன்மத் தளையினின்று விலகினார் ஆவார். உதிராவிடின், இருக்கும் வண்டியைத் தேவையுள்ள ஒருவர்க்கு அளித்துவிட்டுப் புதியதை வாங்கட்டும். எண்ணிக்கை ஒன்றாகவே இருக்கும்.

“பழையதை எவ்வாறு விடுவேன்? அன்றாட வேலைக்கு அதுதானே உதவுகின்றது!” என்று அவர் கூறுவாராயின், எது தேவை, எது இச்சை என்பதை அவர் வாயாலேயே கூறியவர் ஆகின்றார். அதற்குமேல் முதியோர் எடுத்துரைக்க ஒன்றுமில்லை.

அளவறிந்து வாழ்வோம், அறம் வளர்ப்போம்.