அரசினர் நாட்டுங் கல்லும் குடிகளின் தேசாபிமானமும்

ஓர் அரசு பொதுப்பொருளைச் செலவிட்டு வீதியோரத்திலே சின்னங்களை நாட்டி, அவற்றாலே குடிகளை ஒரு தேசத்தாராக ஆக்குதல் கூடுமோ என்பது நம் உபாத்தியாயர்கள் ஆராய்தற்குரிய வினாவாகும். என்னை? நம் மாணாக்கர் வாசிப்பன பாடப்புத்தகங்கள் மாத்திரமல்ல. வழியிலுள்ள கற்களையும் அவர் வாசிக்கின்றனர்.

பூவரசங்குளத்திலிருந்து பிள்ளைகளைக் கல்விச் சுற்றுலாவாக யாழ்ப்பாணத்துக்கு அழைத்துச் செல்வோர் பெரும்பாலும் கிளிநொச்சி நகரைக் கடந்தே செல்வர். அங்கே, 2009ஆம் ஆண்டு யுத்தம் முடிந்தபின் அரசினர் எழுப்பிய வெற்றிச்சின்னம் நிற்கின்றது. கனசதுரமான பெருங்கட்டி ஒன்று. அதைத் துளைத்துப் பிளந்தபடி ஒரு பீரங்கிக் குண்டு. உச்சியிலே தாமரை மலர். அப்பால் ஆனையிறவிலே, கைகள் இலங்கைப் படத்தை உயர்த்தித் தாங்குகின்றன. புதுக்குடியிருப்பிலோ துப்பாக்கியுங் கொடியும் ஏந்திய போர்வீரன் நீரின் நடுவே நிற்கின்றான். இவையெல்லாம் 'நாடு ஒன்று' எனக் கூறுதற்கு எழுந்தவை.

தாமரை நமக்கு அயலான மலரன்று. நம் திருவுருவங்களுக்கு அதுவே பீடம். ஆயினும் அக்கிளிநொச்சித் தாமரையின்முன் வன்னித் தாய் ஒருத்தி கைகூப்பி நின்றதை நாம் கண்டிலேம். சிற்பத்திலே பகைவனைத் துளைத்த குண்டு, அவள் நெஞ்சிலே தன் வீட்டின்மேல் விழுந்த குண்டாகவே தோன்றுமன்றோ?

ஆன்மா சார்ந்ததன் வண்ணமாம் என்பது சித்தாந்தத் துணிபு. அரசினர் எண்ணமும் ஏறக்குறைய இதுவே போலும். நாடோறும் கண்ணெதிரே ஓருருவம் நிற்பின், பளிங்கு அயலிலுள்ள நிறத்தைக் கொள்ளுமாறுபோலக் குடிகளும் அவ்வுருவத்தின் கருத்தைக் கொள்வர் என்பது. ஆனால் ஆன்மா பளிங்குபோலச் சடமன்று. அறிவும் இச்சையும் செயலும் உடையது. அருகிருத்தல் வேறு, சார்தல் வேறு. சிற்பியின் கைவிட்டு வந்த சிலையும் பிரதிட்டையும் வழிபாடும் பெற்றபின்னரன்றோ நமக்கு மூர்த்தியாகின்றது?

இதற்குச் சான்று வன்னியிலேயே உண்டு. ஒட்டுசுட்டானுக்கு அணித்தாகிய கற்சிலைமடுவிலே, கப்டன் வொன் டிரிபேர்க் 1803ஆம் ஆண்டு ஒக்டோபர் 31ஆந் திகதி பண்டாரவன்னியனைத் தோற்கடித்தான் என ஆங்கிலத்திலே பொறித்த கல்லொன்று நின்றது. நாட்டியவர் ஆங்கிலேயர், பொறித்தது தம் வெற்றி. மிசன் பள்ளியிலே கற்ற ஆங்கிலங்கொண்டு நாம் அதனை எழுத்தெழுத்தாக வாசித்தோம். ஆங்கிலம் ஓரெழுத்தும் அறியாத கமக்காரரோ அதனைத் தம் வீரனுடைய நினைவுக்கல்லாகவே போற்றினர். வென்றவனை நினைப்பார் இலர். 2010ஆம் ஆண்டு அக்கல் உடைந்து கிடக்கக் கண்டபோது வருந்தியவரும் நம்மவரே.

அங்ஙனமாயின் அரசு சிலையே நாட்டலாகாதோ எனின், அற்றன்று. இறந்த போர்வீரருக்குந் தாயர் உளர். அவர் துயரைக் கல்லிற் பொறித்தல் அரசின் கடமையே. இருசாராரும் மடிந்திருக்க ஒருசாராரை மாத்திரம் நினைத்தலும், மற்றையோர் நினைவுச்சின்னத்தை நிற்கவிடாமையுமே வழுவாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி 2021ஆம் ஆண்டு சனவரியிலே இரவோடிரவாக இடிக்கப்பட்டது. ஏப்பிரலிலே மீள எழுந்தது. இடித்த செயல் அதனை முன்னர் அறியாதாருக்கும் அறிவித்ததன்றி வேறு பயன் தந்திலது.

அரசியலார் கை சற்று விரிந்தால் யாது நிகழும் என்பதற்குச் சென்னைக் கடற்கரையைப் பார்க்க. 1968ஆம் ஆண்டு உலகத் தமிழ் மாநாட்டையொட்டி அங்கே நாட்டிய சிலைகளுள், வள்ளுவரோடும் ஔவையாரோடும் வீரமாமுனிவரும் கால்டுவெல்லும் போப்பும் நிற்கின்றனர். பிறதேசத்தார், பிறசமயத்தார், ஆயினும் திருவாசகத்தை ஆங்கிலத்திற் பெயர்த்த போப்பையரை அவ்வரிசையிற் கண்டு சைவர் மனம் நொந்ததாக நாம் கேட்டிலேம்.

இனி, கிளிநொச்சியிலே பிள்ளைகள் வினாவுவர். வாயடைத்தலும் வெறுப்பைப் புகட்டலும் இரண்டும் உபாத்தியாயருக்கு அடாதன. நாட்டினார் யாவர், எவ்வாண்டு, எம்மொழிகளிற் பொறித்தனர், எவர் பெயர் அங்கில்லை என்பவற்றைக் கொப்பியிலே எழுதுவித்து, வீட்டிலுள்ள முதியோரிடம் விடை கேட்டுவரச் சொல்லுக. வவுனியா நகரிலே நிற்கும் நம் பண்டாரவன்னியன் சிலையின் கீழும் அவ்வினாக்களையே குறையாது கேட்பிக்க.