எரியாத விளக்கு

ஓரிக்கையிலிருந்து காஞ்சிபுரத்திற்கு ஞாயிறு திருப்பலிக்காக வாடகைக் காரில் சென்றுகொண்டிருந்தோம். ஓட்டுநரின் முன்னே எண்ணெய்க் குவளை வடிவில் சிவப்பு விளக்கொன்று எரிந்தது. “பூசைக்கு நேரமாகிறது, போகலாம்” என்றோம். “இதுக்கு மேல ஓட்டக்கூடாதுங்க” என்று அவர் எஞ்சினை நிறுத்திவிட்டார்.

மஞ்சள் விளக்கு விரைவில் கவனிக்கச் சொல்கிறது. சிவப்போ உடனே நிற்கச் சொல்கிறது. எண்ணெய் அழுத்தம் குறைந்த நிலையில் ஓட்டினால் சில நிமிடங்களிலேயே எஞ்சின் பாழாகிவிடலாம். பட்டு நெய்பவரும் பாவில் ஓர் இழை அறுந்தால் தறியை நிறுத்தி, அதைப் பிணைத்த பின்னரே தொடர்கிறார்.

சாவியைத் திருப்பியதும் எச்சரிக்கை விளக்குகள் ஒருமுறை எரிந்து அணைகின்றன. அவை பழுதின்றி உள்ளனவா என்று அறியும் சோதனை அது. அப்போதும் எரியாத விளக்கே அஞ்சத்தக்கது. அதன் இருளை நலமென்று நம்பிவிடுகிறோம்.

மனச்சான்றும் அத்தகையதே. பாவப் பழக்கத்தால் அது சிறிது சிறிதாகப் பார்வை இழக்கும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் எச்சரித்தது. எனவே உறுத்தல் இல்லாமையைத் தூய்மை என்று கொள்ளலாகாது. இரவுதோறும் செய்யும் ஆன்ம சோதனை, குற்றங்களை எண்ணுவதற்கு மட்டுமன்று. விளக்கு இன்னும் எரிகிறதா என்று பார்ப்பதற்குமாகும்.

அன்று தாமதமாகவே ஆலயம் சேர்ந்தோம். “போகலாம்” என்றபோது நம்முள் எந்த விளக்கும் எரியவில்லையே என்பதே நமது மன்றாட்டாயிற்று.