உடைமையும் கொடையும்: கணினிப் பணிசெயல் முறைமை குறித்த ஓர் அறவியல் நோக்கு

தனக்கு உரிமையில்லாத பொருளைப் பிறர்க்கு வழங்குதல் ஈகையாகாது. காணியொன்றைக் கோயிலுக்கு நன்கொடையாக எழுத விரும்புபவர் முதலில் தமது உறுதியைக் காட்டவேண்டும். உறுதியிற் பழுதிருப்பின் கொடையும் பழுதாகும். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு துண்டு நிலத்தின் பொருட்டு நீளும் வழக்குகளை அறிந்தோர்க்கு இது புதிதன்று. கண்ணுக்குப் புலனாகாத உடைமையாகிய கணினி மென்பொருளுக்கும் இவ்வுண்மை பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயத்தக்க வினாவாகும்.

திறந்த மூல மென்பொருள் உடைமையை மறுப்பது எனக் கருதுவோர் உளர். அக்கருத்துப் பொருத்தமானதன்று. பின்லாந்து மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்ட லினக்ஸை யாவரும் பயன்படுத்தலாம், திருத்தலாம், பகிரலாம். ஆயின் திருத்தியதைப் பிறர்க்கு வழங்குவோர் மூலநிரலையும் அதே உரிமைகளுடன் வழங்குதல் வேண்டும். இந்நிபந்தனையின் வலிமை பதிப்புரிமையிலிருந்தே பிறக்கின்றது. இலங்கையிலும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களைப் பாதுகாக்கின்றது. எனவே, இங்கு கொடை உடைமைக்குப் பகையன்று. உடைமையின் மேலெழுந்த பயனேயாம்.

இவ்வுறவு சோதனைக்குள்ளானது 2003இலாகும். யுனிக்ஸ் பணிசெயல் முறைமையின் உரிமை தம்முடையதெனக் கூறிய எஸ்.சி.ஓ. நிறுவனம், அதன் நிரல்களை லினக்ஸிற் சேர்த்ததாக ஐ.பி.எம். மீது வழக்குத் தொடுத்தது. லினக்ஸைப் பயன்படுத்திய ஏறத்தாழ 1,500 நிறுவனங்களுக்கும் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. களவுபோனவை எவை எனத் தெளிவாகச் சுட்டாமையால் அதன் குற்றச்சாட்டுகளுட் பெரும்பாலானவற்றை 2006இல் நீதிமன்றம் தள்ளியது. 1995இல் யுனிக்ஸ் வணிகத்தை விற்ற நொவெல் நிறுவனம் பதிப்புரிமையை விற்கவில்லை என 2007இல் ஒரு நீதிபதியும் 2010இல் நடுவர் குழுவும் முடிவுசெய்தனர். ஐ.பி.எம். மீதான வழக்கோ 2021இலேயே இணக்கமாக முடிந்தது. உடைமையாளர் எவருமிலர் என்று தீர்க்கப்படவில்லை. உடைமையாளர் பிறிதொருவர் என்றே தீர்க்கப்பட்டது என்பது சிந்தித்தற்குரியது.

அவ்வழக்கு நிலுவையிலிருந்த காலத்திலேதான், 2004 டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை இந்நாட்டைத் தாக்கியது. கொழும்பிலே தொண்டர்களான மென்பொருளாளர்கள் சில வாரங்களுள் 'சஹன' என்னும் நிவாரண முறைமையை ஆக்கினர். காணாமற் போனோரையும் முகாம்களையும் உதவி நிறுவனங்களையும் பதிவுசெய்த அம்முறைமை, லினக்ஸ் முதலிய திறந்த மூலங்களின் மேல் எழுந்தது. 2005இல் பாக்கிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும் 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவின்போதும் அது பயன்பட்டது. அடித்தளத்தின் உரிமை ஐயத்திற்குள்ளாகும்போது, அதன்மேல் எழுந்த கொடைகள் யாவும் ஐயத்திற்குள்ளாகின்றன. அவ்வையத்தால் முதலில் துன்புறுவோர் வழக்காடவும் வசதியற்ற மக்களே.

உழைத்தோன் தன் ஆக்கத்திற்கு உரிமை கோருதல் நியாயமே. அதனை விற்றலும் குற்றமன்று. ஆயின் 'இது எனது' என்பவர் எது தமது என்பதைப் பலரறியக் காட்டக் கடமைப்பட்டவர். காட்டாது அச்சுறுத்தும் உரிமை, அறத்தின் நோக்கில் உரிமையன்று. கொடுப்போரும் தமது உறுதியைத் தூய்மையாக வைத்திருத்தல் வேண்டும். உடைமை ஒளிவுமறைவின்றி விளங்குமிடத்தேயே கொடை அச்சமின்றி நடமாடும் எனலாம்.